கட்டை விரலைக் கேட்காதீர்கள், துரோணர்களே!

"எலக்ட்ரிக் கிடாரா? முதல்ல பிக் பிடிக்கக் கத்துக்கோ தம்பி. விரல்ல வாசிக்கிறதெல்லாம் கிளாசிக்கல் கிடாருக்கு. இதுல விரலை விட்டா கையே கெட்டுப் போயிடும்."

கிடார் வகுப்பு வாசலை மிதித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்த வசனம் ஏதாவது ஒரு வடிவத்தில் காதில் விழுந்திருக்கும். சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கு அவருடைய வாத்தியார் அப்படிச் சொன்னார், அந்த வாத்தியாருக்கு இன்னொருவர். ஆனால் நல்ல மனசோடு சொன்னால் மட்டும் தப்பான பேச்சு சரியாகி விடுமா என்ன?

(பிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கம்பியைத் தட்டுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அவ்வளவுதான் சமாச்சாரம்.)

முதலில் ஒரு கணக்கு. எலக்ட்ரிக் கிடார் கடைக்கு விற்பனைக்கு வந்தது 1932-ல். வறுவல் சட்டி மாதிரி இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர். அதை மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசித்தார்கள். இன்றைக்கு எல்லோரும் தோளில் மாட்டிக்கொள்கிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1954-ல். அதாவது பிறந்து நூறு வருஷம்கூட முழுசாக ஆகாத வாத்தியம் இது. இதற்குள் "இதுதான் சம்பிரதாயம், இதை மீறினால் குத்தம்" என்று சட்டம் போட்டது யார்? எப்போது?

இது ஏதோ பொழுதுபோகாத பசங்களின் சண்டை என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் மாதிரி ஊரில் இந்த ஒரு வாக்கியத்தால் கிடார் ஆசையே அணைந்து போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

லைன் வீட்டில் ஒரு கிடார்

பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குள் போகிறவன், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இரவு எட்டரை, ஒன்பது. ஷிப்மென்ட் நெருக்கினால் அதற்கும் மேலே. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு ஒரு நாள்தான் சொந்த நாள், அதிலும் பாதி துணி துவைக்கவும் தூங்கவும் போய்விடும். கிடாருக்கு மிச்சம் இருப்பது ராத்திரி ஒரு மணி நேரம். குடியிருப்பது லைன் வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழந்தை தூங்கும், இந்தப் பக்கம் கூட இருக்கும் நண்பன் தூங்குவான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டி, "ஏனுங் தம்பி, விடிஞ்சா வேலைக்குப் போகோணும்" என்று சொல்லத்தான் செய்வார். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

இங்கேதான் எலக்ட்ரிக் கிடார் கைகொடுக்கிறது. சாதாரண கிடாருக்கு இருக்கிற மாதிரி இதற்குக் கூடு கிடையாது, கெட்டி மரம். ஆம்ப்ளிஃபயரில் செருகாமல் விரல் சதையால் மீட்டினால், வாசிப்பவன் காதுக்கு மட்டும் கேட்கும். அதையே பிக்கால் தட்டினால் ராத்திரி அமைதியில் 'டிக் டிக்'கென்று அறை முழுக்கக் கேட்கும். ஆக, லைன் வீட்டுக்காரன் விரலால் வாசிக்கிறான் என்றால் ஸ்டைலுக்காக இல்லை. அவனுடைய வீடும் வேலையும் தூக்கமும் சேர்ந்து கொடுத்த வழி அது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனால் முதல் நிமிஷமே "கை தப்பு" என்கிறார்கள். ஆறு ராத்திரி கண்விழித்துப் பழகியதற்கு ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு! அப்புறம் அந்தக் கிடார் பீரோ மேலே ஏறும். அது எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதே கதை, வேறு ஊர்

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஓர் ஊர். 1923-ல் அங்கே பிறந்த வெஸ் மான்ட்கோமரி பகலில் தொழிற்சாலையில் மெஷின் வேலை பார்த்தார். வீட்டில் பெரிய குடும்பம். கிடாரை உருப்படியாகப் பிடித்ததே இருபது வயதை ஒட்டித்தான், அதுவும் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு. இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. பயிற்சிக்குக் கிடைத்த நேரம் ராத்திரிதான். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிக்கின் சத்தம் தொந்தரவாக இருந்ததால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கட்டை விரலின் சதையால் மீட்ட ஆரம்பித்தார்.

என்ன ஆச்சு? கை கெட்டுப் போச்சா? 1960-ல் அவருடைய 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிடார்' தட்டு வந்தபோது ஜாஸ் உலகமே திரும்பிப் பார்த்தது. கட்டை விரலின் அந்தக் கனத்த, உருண்ட ஒலியும், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்கும் முறையும் அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டன. 1968-ல், 45 வயதில் இறந்து போனார். இன்றைக்கு ஜாஸ் கிடார் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் எல்லாம் அவர் பாடம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து கண்டுபிடித்தது பாடமாகி விட்டது!

இன்னொருவர் செட் அட்கின்ஸ். சின்ன வயதில் ரேடியோவில் மெர்ல் டிராவிஸ் வாசிப்பதைக் கேட்டார். கட்டை விரல் கீழ்ச்சுரத்தைப் பார்த்துக்கொள்ள மற்ற விரல்கள் மெட்டு வாசிக்கும் முறை அது. ரேடியோவில் கை தெரியாதே? இத்தனை சத்தம் வருகிறது என்றால் கட்டை விரலோடு இரண்டு மூன்று விரல்கள் வேலை செய்யும் என்று அவராகவே நினைத்துக்கொண்டு அப்படியே பழகினார். பிறகுதான் தெரிந்தது, டிராவிஸ் பயன்படுத்தியது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான். பக்கத்தில் ஒரு வாத்தியார் உட்கார்ந்து "தம்பி, ரெண்டே விரல்தான்" என்று திருத்தியிருந்தால் செட் அட்கின்ஸ் என்ற பாணியே பிறந்திருக்காது.

மார்க் நாஃப்லர் இடக்கைக்காரர். ஆனால் கிடாரை வலக்கைக்காரர் மாதிரிப் பிடிப்பவர். 1978-ல் வந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பேசுவதெல்லாம் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்ற மூன்றால்தான். ஜெஃப் பெக்கோ பிக்கில் பெரிய புலி. புகழின் உச்சியில் இருந்தவர், 1980களில் பிக்கைக் கீழே வைத்தார். கட்டை விரல் மீட்டும், சுண்டு விரல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மேல் இருக்கும், உள்ளங்கைப் பக்கம் ட்ரெமொலோ கம்பியை அசைக்கும். 2023-ல் இறக்கும் வரை இப்படித்தான். நிதின் சாஹ்னியின் 'நாடியா'வை அவர் வாசித்திருப்பதைத் தேடிக் கேளுங்கள். இந்தியக் குரலின் வளைவுகளைத் துரத்திப் பிடிக்க ஓர் ஆங்கிலேயன் தன் வலது கையையே மாற்றிக்கொண்டது காதுக்குப் புரியும்.

இந்த நாலு பேர் கையும் நாலு விதம். இதில் எது 'சரியான' கை? சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்மூரில் இல்லாததா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்லப்பா" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். முதலில் வெஸ் மான்ட்கோமரி கறுப்பினத்தவர். அடுத்து, கம்பியை விரலால் மீட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதுசா?

வீணையைப் பாருங்கள். ஏழு கம்பி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புக் கம்பிகள் நாலை மீட்டும், பக்கத்தில் இருக்கிற மூன்று தாளக் கம்பிகளைச் சுண்டு விரல் பார்த்துக்கொள்ளும். ஒரே கையில் பாட்டும் தாளமும் பிரிந்து நடக்கிறது. செட் அட்கின்ஸ் ரேடியோவில் கேட்டு அசந்து போன அந்த வேலைப் பங்கீடு இங்கே ரொம்ப காலமாக நடக்கிறது.

அந்த வீணையிலும் எல்லோரும் ஒரே கை இல்லை. எஸ். பாலசந்தர் (1927–1990) யாரிடமும் வீணைப் பாடம் கேட்டவர் இல்லை. பாட்டே இல்லாமல் 1954-ல் 'அந்த நாள்' படத்தை எடுத்த அதே பாலசந்தர்தான். ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, ஒரு மீட்டில் பல சுரங்களை வரவழைப்பது அவர் வழி. வாய்ப்பாட்டில் கேட்கிற தொடர்ச்சி வீணையில் வர வேண்டும் என்று அவர் காது கேட்டது. கை அதற்கு வழி தேடிக்கொண்டது.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதை மாண்டலினில் கொண்டு வருவான். 'கையை இப்படி வை' என்று சொல்ல ஆளே இல்லை, 'பாட்டு இப்படி வர வேண்டும்' என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தார். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருந்த வாத்தியத்தில் கமகம் ஒழுங்காக வராததால், எலக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகள் போட்டுக்கொண்டார். வாத்தியத்தையே மாற்றினார், பாட்டை மாற்றவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஸ்ரீனிவாஸ் பிக் வைத்துத்தான் வாசித்தார். ஆகவே சண்டை பிக்குக்கும் விரலுக்கும் இல்லை. பிக் அருமையான சாதனம். வேகத்துக்கு, கூர்மைக்கு, ராக் இசையின் அந்த வெட்டு வெட்டான தாளத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை. பிக்கா விரலா என்பதை முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி. வாசிப்பவனுடைய காதா, வகுப்பின் பழக்கமா?

எலக்ட்ரிக் கிடாரிலேயே கர்நாடக இசை வாசித்தவர்களும் இங்கே உண்டு. 1980களில் சென்னையில் கச்சேரி செய்த சுகுமார் பிரசாத், அதற்குப் பிறகு ராணிப்பேட்டையில் பிறந்து ஐஐடி சென்னையில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த பிரசன்னா. இவர்களுக்கு முன்னால் இதற்கென்று தயார் நிலையில் ஒரு பாடப் புத்தகம் காத்திருக்கவில்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

"விரலில் வேகம் வராது." பிக்கின் வேகம் எல்லா விரலுக்கும் வராது, உண்மைதான். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அந்த வேகம் எதற்கு? சினிமாப் பாட்டின் மெலடி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தட்டு என்று பிக்கால் வாசித்துப் பாருங்கள். தட்டச்சு இயந்திரம் பாடின மாதிரி இருக்கும். பாடுகிறவர் ஒரே மூச்சில் நாலு சுரத்தை இழைக்கும்போது கிடாரும் ஒரே மீட்டில் அதைச் செய்ய வேண்டும். அதற்குத் தேவை மெதுவாகத் தொடுகிற கை.

"கிளாசிக்கல் கிடாரில்தான் விரலுக்கு விதி இருக்கிறது, எலக்ட்ரிக்கில் கிடையாது." அந்த விதி மட்டும் ஒரே விதியா? ஸ்பெயினின் பெரிய மேதை தாரேகா கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டு வெறும் விரல் சதையால் வாசித்தார். அவருக்குப் பின் வந்த செகோவியா நகத்தோடு வாசித்து உலகம் சுற்றினார். கிளாசிக்கல் கிடாரே இந்த வழக்கை இன்னும் முடிக்கவில்லை. அதைக் காட்டி எலக்ட்ரிக்குக்குத் தீர்ப்பு சொல்வது நியாயமா?

"கிரேடு பரீட்சையில் மார்க் குறையும்." பரீட்சை வேண்டும் என்பவர்கள் தாராளமாக எழுதட்டும். இளையராஜாவே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர் அந்தப் பாடத்தைக் கருவியாக எடுத்துக்கொண்டு தன் பாட்டைப் போட்டார். பாடத்தையே பாட்டாக நினைத்துக்கொள்வதுதான் வியாதி.

"அடிப்படையே தெரியாம சொந்த பாணியாம், சொந்த பாணி!" இது ஒன்றுதான் இந்தப் பட்டியலில் மதிக்க வேண்டிய வாதம். சோம்பேறித்தனத்துக்கு 'என் ஸ்டைல்' என்று பெயர் வைத்துக்கொள்கிற கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆறு கம்பியும் சேர்ந்து இரைய, தாளம் தள்ளாட, கேட்டால் "ஃபீல் மச்சி" என்பார்கள். இவர்களைப் பார்த்துத்தான் வாத்தியார்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

அப்படியானால் சொந்தக் கை என்றால் என்ன?

மூன்று சோதனைகள் வைத்துக்கொள்ளலாம். இதில் எதற்கும் யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

ஒன்று, சுத்தம். எலக்ட்ரிக் கிடாரில் கஷ்டம் சத்தம் வர வைப்பதில் இல்லை, வேண்டாத சத்தத்தை அடக்குவதில் இருக்கிறது. தொடாத கம்பியும் அதிரும், ஆம்ப்ளிஃபயர் அதையும் பெரிதாக்கிக் காட்டும். விரல்காரனுக்கு இங்கே ஒரு வசதி: மேல் கம்பியை விரல்கள் வாசிக்கும்போது கட்டை விரலைத் தடித்த கம்பிகளின் மேல் சாய்த்து வைத்தால் அவை வாயை மூடிக்கொள்ளும். ஒரு கம்பியை மீட்டிய விரல் அடுத்த கம்பியில் போய் சாய்ந்து நின்றால் அதுவும் அடங்கும். இதைப் பழகாதவன் விரல்காரன் இல்லை, சும்மா நோண்டுகிறவன்.

இரண்டு, வலி. மணிக்கட்டு மடங்கி, முன்கை இறுகி, வாசித்து முடித்ததும் கை மரத்துப் போகிறது என்றால் அந்த முறை தப்பு. யார் சொல்லிக்கொடுத்திருந்தாலும் தப்பு. நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் துணி தள்ளுகிற கைக்கு இது இன்னும் முக்கியம். அந்தக் கை நாளைக்குக் காலையில் சோறு போட வேண்டிய கை. எஃகுக் கம்பி நகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆகவே சதையால் மீட்டப் பழகுவது, மெல்லிய கம்பிக் கட்டு போட்டுக்கொள்வது, கால் மணிக்கு ஒரு தரம் கையை உதறிவிடுவது... இதெல்லாம் சொந்தக் கையின் பாடத்திட்டம்தான்.

மூன்று, மறுபடியும் வருமா? இன்றைக்கு வாசித்தது நாளைக்கும் அதே தாளத்தில், அதே தெளிவில் வர வேண்டும். ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம். பத்துத் தடவை வந்தால்தான் டெக்னிக்.

பழகும் வழியும் ரொம்பச் சிக்கலானது இல்லை. ஒரு பாட்டில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் வாயால் பாட வேண்டும், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே அழுத்தம், எங்கே மூச்சு என்று அப்போதுதான் தெரியும். பிறகு அதே வரியைக் கட்டை விரலால் ஒரு தடவை, இரண்டு விரல் மாற்றி மாற்றி ஒரு தடவை, பிக்கால் ஒரு தடவை வாசித்து செல்போனில் பதிவு செய்ய வேண்டும். மறுநாள் டீ இடைவேளையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எது பாட்டு மாதிரி இருக்கிறது என்று காது சொல்லிவிடும். அந்தக் காதை விடக் கடுமையான பரீட்சகர் எந்த ஊர் போர்டிலும் கிடையாது.

கைமடிக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

கடைசியாக, கிடாரை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு இந்த ஊரையே பாருங்கள். திருப்பூரில் டெய்லர் எப்படி உருவாகிறார்? கைமடியாக உள்ளே வருகிறவர் டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிறார், மடிக்கிறார், பார்க்கிறார். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகுகிறார். ஒரு நாள் கழுத்து ஏற்றுகிறார், தையல் நேராக வந்தால் டெய்லர். துணியை ஒருவர் கட்டை விரலால் தள்ளுவார், இன்னொருவர் உள்ளங்கையால் அணைத்துப் பிடிப்பார். செக்கிங் மேஜையில் தையலைப் பார்ப்பார்கள், விரலைப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கைகளால் தைத்த பனியன்தான் கப்பலேறி உலகம் முழுக்கப் போகிறது.

இப்படிக் கை வைத்துக் கை பழகிய ஊர்க்காரனிடம், கிடாருக்கு மட்டும் "உன் விரல் இருக்கிற விதம் தப்பு" என்று சொல்வது என்ன நியாயம்? தையலைப் பாருங்கள் சார். தையல் கோணலாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், பிரித்து மறுபடி போடச் சொல்லுங்கள். அதற்குத்தான் வாத்தியார்.

மகாபாரதத்தில் ஏகலைவன் குரு இல்லாமல் வில் பழகினான். அம்பு குறி தவறவில்லை, அதுதான் அவன் செய்த குற்றம். துரோணர் வந்து கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டார். அவனும் கொடுத்துவிட்டான். அந்தக் கதையைக் கேட்டு ஊரே துரோணரைத் திட்டுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதே கட்டை விரலைக் கேட்கிறவரை யாரும் எதுவும் சொல்வதில்லை.

திருப்பூர்ப் பையன்கள் கொஞ்சம் விவரமானவர்கள். சம்பளத்தில் பாதியைச் சேர்த்து வாங்கிய கிடார் அது. ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துப் பழகிய விரல் அது. காணிக்கையாகக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

வாத்தியார்களே, கட்டை விரலைக் கேட்காதீர்கள். அது வாசிப்பதைக் கேளுங்கள்.